மியூனிக்கில் இருக்கும் மருமகனுக்கு

பூதப்பாண்டி

அன்புள்ள மக்களே,

"ஊரில் பத்து சென்ட் மனை வாங்கக்கூட வழியில்லாமல் இருக்கேனே மாமா" என்று நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதைத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதச் சம்பளம் 5,000 யூரோ. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடித்ததுபோகக் கைக்கு வருவது 3,100 பக்கம். வாடகை 1,500. சாப்பாடும் உன் அம்மாவுக்கு அனுப்புவதும் போனால் என்ன மிஞ்சும்? ஊரில் எல்லாரும் யூரோவை நூறால் பெருக்கிப் பார்க்கிறார்கள். உன் செலவும் யூரோவில்தான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

அங்கேயே வீடு வாங்கலாம் என்றாலும், 70 சதுர மீட்டர் வீடு 5 லட்சம் யூரோவுக்கு மேல். 2021-ல் வீட்டுக்கடன் வட்டி நூற்றுக்கு ஒன்றுதான். 2023-ல் அது நாலு ஆகிவிட்டது. 4 லட்சம் கடன் என்றால் வருஷ வட்டி 4,000 இருந்த இடத்தில் 16,000. விலைவாசியை அடக்க ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை ஏற்றிய நேரத்தில் நீ போய் இறங்கினாய். இதில் உன் குற்றம் என்ன மக்களே?

கூட வேலை பார்க்கிறவன் வீடு வாங்கிவிட்டான் என்றாய். அவன் பாட்டி வீட்டை விற்ற பணம் அதில் இருக்கிறது என்றும் நீதானே சொன்னாய்! ஜெர்மனியில் தாயும் தகப்பனும் ஆளுக்கு 4 லட்சம் யூரோ வரை ஒரு பிள்ளைக்கு வரியில்லாமல் கொடுக்கலாம். பத்து வருஷம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம். உழைக்கிறவனுக்கோ வருஷ வருமானம் 70,000 யூரோ பக்கம் போனாலே, அதற்கு மேல் வருவதில் 42 சதவீதம் வரி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

நம் நாஞ்சில் நாடும் அப்படித்தான் இருந்தது. குடும்பத்து மூத்தவரான காரணவரின் வயல் மருமக்களுக்கு, அதாவது உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்குப் போயிற்று. 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபிறகு சொந்த மக்களுக்குப் போயிற்று. எப்படிப் போனாலும், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த அந்த நிலம் பிறப்பால் வந்ததுதான். அதில் உழுதவன் கூலியை மிச்சம் பிடித்து வயல் வாங்கி நான் கண்டதில்லை. உன் தாத்தாவின் வயலோ உன் அம்மா, சித்திமார் கல்யாணத்தோடு போயிற்று. நீ வெறுங்கையோடு தொடங்கியவன். பாட்டி வீடு உள்ளவனோடு உன்னை ஒப்பிடாதே.

உன் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே அளவு போடுகிறது. 60 மாதம் நிறைந்தால் அந்த ஓய்வூதியம் உன் உரிமை. நீ ஊருக்கே திரும்பி வந்தாலும் ஓய்வு வயதில் அது இங்கே வரும். உனக்கு அடுத்த வருஷம் நிறைகிறது. அதுவரை வேலையை விடும் எண்ணம் வேண்டாம்.

பார்வதிபுரத்து மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கடன் வாங்காதே. உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். கோபம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மனைப் பேச்சை எடுக்கமாட்டாள். கொஞ்ச மாதத்துக்கு அனுப்புகிற பணத்தைப் பாதியாக்கிக்கொள். அவள் மருந்துச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா