பிள்ளைகளுக்கு வீடே பள்ளிக்கூடம்... சனிக்கிழமை 9 மணி மட்டும் அம்மாவுக்கு!

சனிக்கிழமை காலை 8:40 மணி. இங்கிலாந்தின் ரெடிங் நகரில், வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகளில் ஒன்றின் வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கிறார் அந்த அம்மா. உள்ளேயிருந்து ஆறு வயது மகளின் குரல் வருகிறது. "அம்மா... என் பச்சை சாக்ஸ் எங்கே?"

எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும். சொல்ல வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் சொல்லவில்லை. "அப்பாகிட்ட கேளு" என்று கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கிவிடுகிறார்.

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பழக அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது.

பாளையங்கோட்டைப் பெண். வயது 36. கணவரின் மென்பொருள் வேலைக்காக ஆறு வருடங்களுக்கு முன் இங்கு வந்த குடும்பம். லண்டனிலிருந்து மேற்கே ரயிலில் அரை மணி நேரப் பயணம். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் 'ரீடிங்' என்றுதான் வாசிக்க வரும். ஊர்க்காரர்கள் 'ரெடிங்' என்பார்கள். "வாசிப்புன்னே பேர் வெச்ச ஊருக்கு வந்து பிள்ளையப் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்துன ஆளு நீயாத்தான் இருப்பே" என்று கணவர் கிண்டல் செய்வார்.

நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. மகனுக்கு அப்போது எட்டு வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே வயிற்று வலி வந்துவிடும். வீட்டில் ஓயாமல் பேசுகிற பிள்ளை, வகுப்பில் நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று டீச்சர் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒரு திங்கட்கிழமை பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், விரல்களை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் செய்திருக்கலாம் என்கிறார் இவர்.

இங்கிலாந்தில் கல்விதான் கட்டாயம், பள்ளிக்கூடம் கட்டாயமில்லை. 1996-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-வது பிரிவு, பிள்ளையின் வயதுக்கும் திறமைக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது. அதைப் பள்ளிக்கு அனுப்பியும் செய்யலாம், வேறு வழியிலும் செய்யலாம். ஜெர்மனியில் இருந்திருந்தால் இதை நினைத்தே பார்க்க முடியாது. இங்கே தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் போதும். பள்ளி பெயரை நீக்கி, கவுன்சிலுக்குத் தெரிவித்துவிடும். கவுன்சிலிலிருந்து 'என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள்?' என்று விசாரித்துக் கடிதம் வரும். அரசுப் பாடத்திட்டத்தைத்தான் நடத்த வேண்டும் என்றில்லை, இத்தனை மணிக்கு ஆரம்பிக்க வேண்டும் என்றில்லை. பணமும் ஒரு பைசா வராது.

ஊரிலிருந்து மாமியார் போனில் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏம்மா, பெரிய பரீட்சை வந்தா எங்க போய் எழுதுவான்?" பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராகக் கட்டணம் கட்டி எழுதலாம் என்று பதில் சொன்னார். சொன்ன பிறகு அன்று ராத்திரி அவருக்கே தூக்கம் வரவில்லை.

தூங்காத ராத்திரிகளுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பது. சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. காலை கணக்கு, ஆங்கிலம், தமிழ். மத்தியானம் படம் வரைவது, நூலகம். சாயங்காலம் சமையல், ராத்திரி மறுநாள் பாடத்துக்குத் தயாரிப்பு. அண்ணனைப் பார்த்து மகளும் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றுவிட, ஒரே மேசையில் இரண்டு வகுப்பு. பள்ளி டீச்சருக்கு மணி அடிக்கும். மதிய இடைவேளை உண்டு. மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம். இவருக்கு வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போவது? "நீ வீட்லதானே இருக்கே" என்று கணவர் ஒருநாள் எதற்கோ சொல்லிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாராம்.

நாள் பூராவும் நிற்கிறோம், குனிகிறோம், பின்னால் ஓடுகிறோம், இதற்குமேல் என்ன உடற்பயிற்சி என்றுதான் அவரும் நினைத்திருந்தார். நம் வீடுகளில் எத்தனை பேர் இதையே சொல்கிறோம்! ஆனால் பிள்ளைகளுக்கு எதிரே உட்கார்ந்த நேரம்தான் அதிகம். பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை ஓரமெல்லாம் யார் வயிற்றுக்குள் போகும் என்று சொல்லவே வேண்டாம். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர். டிசம்பர், ஜனவரியில் நூலகம் தவிர வெளியே போன நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அசதி. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் நர்ஸ் போன் செய்தார். மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு 44. அங்கே 42-லிருந்து 47 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 48-ஐத் தொட்டால் நோய். நம் ஊர்க் கணக்கில் 44 என்பது ஏறத்தாழ 6.2 சதவிகிதம். தெற்காசியர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதால், அதிக எடை என்பதை அங்கே மற்றவர்களுக்கு பி.எம்.ஐ. 25-லும் நமக்கு 23-லுமே கணக்கிட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போனை வைத்தபோது அவருக்கு ஞாபகம் வந்தது அப்பாவின் இடது கால். பல வருடச் சர்க்கரை. இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. அன்று அம்மாவிடம் சொல்லாமல் அப்பாவிடம் மட்டும் சொன்னார். "நான் நடந்திருக்கணும் தாயி. கடையிலேயே உக்காந்துட்டேன். நீயாவது நட" என்றார் அப்பா.

நடப்பது எப்போது என்பதுதான் கேள்வி. காலை ஆறு மணிக்கு யூடியூபில் வீடியோ போட்டு ஹாலில் பாய் விரித்தார். நான்காவது நாளே மகள் எழுந்து வந்து, படுத்திருந்த அம்மாவின் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சரி, பாடத்தையே நடையாக்கிவிடலாம் என்று அடுத்த யோசனை. இது உண்மையிலேயே நல்ல யோசனைதான்.

தேம்ஸ் நதியும் கென்னட் நதியும் சேருமிடம் ரெடிங். நதிக்கரையோடு நடந்தால் ஊருக்குள்ளேயே பழைய மடாலயத்தின் இடிந்த சுவர்கள். முதலாம் ஹென்றி மன்னர் 1121-ல் கட்ட ஆரம்பித்தது. அவரைப் புதைத்ததும் அங்கேதான். ஆனால் சரியாக எந்த இடம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மகனுக்கு இது போதும். சுவருக்குச் சுவர் காலடியால் அளந்து, நோட்டில் படம் போட்டு, ராஜாவைத் தேட ஆரம்பித்துவிட்டான். பெருக்கல், அளவு, வரலாறு மூன்றும் ஒரே நாளில் முடிந்தது.

பக்கத்திலேயே டவுன் ஹாலில் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1066-ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் பாயூ தையல் சித்திரத்தின் முழு அளவுப் பிரதி அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளம். 1885-ல் ஆரம்பித்து, லீக் என்ற ஊரின் 35 பெண்கள் தைத்தது. மூலத்தில் ஆடையில்லாமல் இருந்த உருவங்களுக்கு விக்டோரியா காலத்துப் பிரதியில் துணி போர்த்திவிட்டார்கள் என்று கேட்டதும் பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அம்மாவைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. தைத்த பெண்கள், தங்கள் பகுதிக்குக் கீழே தங்கள் பெயரையும் தைத்துவைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டே போனதில், இளையவள் இரண்டு முறை சட்டையைப் பிடித்து இழுத்தது அவருக்குத் தெரியவில்லை.

அப்படி வாரத்தில் மூன்று நாள் நடந்தார்கள். போனில் 7,000 அடி, 8,000 அடி என்று காட்டியது. ஆனால் நர்ஸ் ஒரு கணக்கு சொல்லியிருந்தார். வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வேகமாகிற அளவுக்கு நடக்க வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நதிக்கரையில் பிள்ளைகளோடு நடந்தபடி இவர் சோதித்துப் பார்த்தார். ஒரு முழுப் பாட்டையும் சரணம்வரை பாட முடிந்தது! இருபது அடிக்கு ஒரு நத்தை, முப்பது அடிக்கு ஒரு வாத்து, நடுவில் ஒன்றுக்கு வருகிறது. நடந்ததெல்லாம் பிள்ளைகளின் கால்கள்தான்.

அப்போதுதான் பார்க்ரன் பற்றி நூலகத்தில் சந்தித்த இன்னொரு வீட்டுப்பள்ளி அம்மா சொன்னார். சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்கு, பூங்காவில் 5 கிலோமீட்டர். ஓடலாம், நடக்கலாம். கட்டணம் கிடையாது. 2004-ல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்தது; இன்று பல நாடுகளில் நடக்கிறது. எல்லோருக்கும் கடைசியாக 'டெயில் வாக்கர்' என்று ஒரு தன்னார்வலர் நடந்து வருவார். ஆகவே யாரும் கடைசி ஆளாக வர முடியாது.

வீட்டில் சொன்னதும் எல்லோருக்கும் சந்தோஷம். அங்கேதான் சிக்கல். "நாங்களும் வர்றோம்" என்றார் கணவர். "நானும் ஓடுறேன்மா" என்று குதித்தான் மகன். பள்ளி வாசலில் கூட்டத்தைப் பார்த்தே நடுங்கிய பிள்ளை, இருநூறு முந்நூறு பேருக்கு நடுவில் ஓடுகிறேன் என்கிறான். எந்த அம்மாவுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வரும்?

இவர் சொன்னார். விதிப்படி 11 வயதுக்குக் குறைந்த பிள்ளை, கூட வரும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே ஓட வேண்டும். அவன் வந்தால் அது மறுபடியும் அவனுடைய வகுப்பு. சனிக்கிழமையும் பாடம் என்றாகிவிடும். அன்று ராத்திரி மகன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவனுக்காகத்தானே எல்லாத்தையும் விட்டேன், ஒரு முக்கால் மணி நேரத்துக்கு இப்படிப் பண்றோமேன்னு இருந்துச்சு" என்கிறார். ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

முதல் சனிக்கிழமை, நேரத்தைப் பதிவு செய்யும் பார்கோடை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனார். பாதி ஓட்டம், மீதி நடை. எல்லையைத் தொட்டபோது அவருக்குப் பின்னால் டெயில் வாக்கர் மட்டும்தான். நேரம் எதிலும் பதிவாகவில்லை. கைக்கடிகாரத்தில் 52 நிமிடம். அந்த 52 நிமிடங்களில் யாரும் 'அம்மா' என்று கூப்பிடவில்லை என்பது பாதி வழியில்தான் உறைத்ததாம். அழுகை வந்துவிட்டது. மழை தூறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்தால் வீடு அலங்கோலம். அடுப்பெல்லாம் மாவு. குளிருக்கு அவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் புளிக்க வைத்திருந்த இட்லி மாவை, அப்பாவும் பிள்ளைகளும் தோசை என்று நம்பி எதையோ செய்துவைத்திருந்தார்கள். வீடியோ காலில் மாமியார் பார்த்துவிட்டார். "அவன அடுப்படில விட்டுட்டு நீ ஓடப் போயிட்டியா?" கணவர்தான் போனை வாங்கி, "அம்மா, நாலாவது தோசை முழுசா வந்துச்சும்மா" என்று காட்டினார்.

வார நாள்களில் ஒன்பது வார ஓட்டப் பயிற்சி ஆப் ஒன்றைத் தொடங்கினார். அதை அரசு மருத்துவச் சேவையே இலவசமாகத் தருகிறது. முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. கணவர் வேலையை ஆரம்பிக்கும் முன் அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். ஒன்பது வாரப் பயிற்சி இவருக்குப் பதினேழு வாரம் இழுத்தது. ஒருமுறை பிள்ளைகளுக்குச் சளி, ஒருமுறை கணுக்காலில் சுளுக்கு, பலமுறை வெறும் சோம்பல்.

மகனுக்கும் ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கென்றே 2 கிலோமீட்டர் ஜூனியர் பார்க்ரன். அப்பா கூட்டிக்கொண்டு போனார். மூன்று வாரம் அவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வாரம் ஓடினான். வந்து யாரிடமும் எதுவும் சொல்லாமல் இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டான். உப்புமாவை அவன் இரண்டாவது முறை கேட்டது அன்றுதான்.

சமீபத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. 42. இன்னும் அந்தக் கோட்டுக்குள்தான். ஒரு புள்ளி குறைந்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். நர்ஸ் சந்தோஷமாகத்தான் பேசினார். இவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். அப்பாவுக்குப் போன் போட்டார். அவரோ எண்ணைக் கேட்கவில்லை. "கால்ல புண்ணு கிண்ணு இல்லையே? ஷூ கடிக்காம பாத்துக்கோ" என்றார்.

மகனுக்கு இப்போது 9 வயதும் 8 மாதமும். போன வாரம் கணக்கு நோட்டின் ஓரத்தில் ஒரு கழித்தல் போட்டிருந்தான். பாடத்தில் இல்லாத கணக்கு. என்ன இது என்று அம்மா கேட்டார்.

"எனக்கு 11 ஆக இன்னும் ஒரு வருஷம் நாலு மாசம் இருக்கும்மா. அப்புறம் உங்க கைக்கெட்டுற தூரத்துல ஓட வேண்டாம். முன்னாடியே ஓடிருவேன்."

விடை சரிதான் என்று பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொடுத்தார் அம்மா.