கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

போன மாதம் ஒரு காவல் நிலையத்தில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆரணிப் பக்கத்துக் கிராமத்துப் பையன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஊர்த் தெரு வழியாக பைக்கில் போனதற்காகச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி அடித்திருக்கிறார்கள். புகாரைப் படித்த அதிகாரி பையனைப் பார்க்கவில்லை, அவன் அம்மாவைப் பார்த்தார். "ஒரே ஊரு. நாளைக்கும் மூஞ்சிய பாத்துக்கணும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "இன்னும் எவ்ளோ தம்பி அட்ஜஸ்ட் பண்றது?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் மனதைவிட்டுப் போகவில்லை.

அட்ஜஸ்ட் என்பது இன்று இங்கிலீஷ் சொல்லே இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் பாட்டியும் சொல்வார். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு இடம் விடுவது அட்ஜஸ்ட். டெய்லர் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பது அட்ஜஸ்ட். மாசக் கடைசியில் அரிசியைக் குறைத்துக் கஞ்சியாக்குவதும் அட்ஜஸ்ட்தான்.

அப்பா கூலிக்குத் தறி நெய்தார். பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் நெசவு கோணும். உடனே குழியிலிருந்து எழுந்து இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சரிசெய்வார். ஒரு பக்கத்தையே இழுத்துக்கொண்டிருந்தால் இழை அறுந்துவிடும் என்பார். ஆனால் அதே தறி வீட்டில் இந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் இருந்தது. அக்கா கல்யாணத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். சேலையை முடித்துக் கொண்டுபோனால், "கூலிய அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்று நோட்டைக் காட்டுவார்கள். கையில் பாதிதான் வரும். கடன் தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. முன்பணத்துக்காக வேறு வேலை தேடும் உரிமையையே ஒருவர் இழந்தால், அது கொத்தடிமை முறைதான் என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். முதுகலை சமூகவியல் படிக்கும்போதுதான் அதைப் படித்தேன். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மெண்ட்.

படித்து முடித்து வாடகைக்கு வீடு தேடினேன். "கறி சமைக்காம அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்களா?" என்றார் ஒரு வீட்டுக்காரம்மா. அவர் கேட்டது கறியைப் பற்றி அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பெண்களுக்கு இந்தச் சொல் இன்னும் கொடூரமானது. மலையாளத் திரையுலகம் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. வாய்ப்புக்காக உடலைக் கேட்பதற்கு அந்தத் துறையில் புழங்கும் சொற்களாக 'அட்ஜஸ்ட்மெண்ட்', 'காம்ப்ரமைஸ்' இரண்டையும் அது பதிவு செய்திருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. பஸ்ஸில் எல்லோரும் கொஞ்சம் நகர்கிறோம், எல்லோருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. மற்ற இடங்களில் நகரச் சொல்லப்படுபவர் எப்போதும் ஒரே ஆள். அடித்தவனிடம் யாரும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வதில்லை.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. இடைப்பட்ட காலம் முழுக்க ஊர் அமைதியாக இருந்தது என்பார்கள். யாருடைய அட்ஜஸ்ட்டில் இருந்தது அந்த அமைதி?

1967 செப்டம்பரில் அமெரிக்க உளவியலாளர்கள் மாநாட்டில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். சூழலோடு பொருந்திப் போகாதவரை உளவியல் குறைபாடுள்ளவராகப் பார்த்த காலம் அது. நிறவெறியோடும் ஒடுக்குமுறையோடும் பொருந்திப் போக மறுப்பதே ஆரோக்கியம் என்று அவர்கள் முன்னாலேயே வாதிட்டார். நம் பிள்ளைகளைத் 'திமிர் பிடிச்சவன்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த உரைதான் நினைவுக்கு வரும்.

சரி, காவல் நிலையத்தில் இந்தச் சொல் வந்தால் என்ன செய்வது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்திருங்கள். பொது இடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதையே, 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் குற்றமாகக் குறிப்பிடுகிறது. பிரிவு 18ஏ-யின்படி எஃப்.ஐ.ஆர். பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்குப் பிரிவு 4 இருக்கிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்கு அனுப்பலாம். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் எவை என்று குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. வன்கொடுமைக் குற்றங்கள் அதில் இல்லை. 2021இல் உச்ச நீதிமன்றம் சமரசத்தை ஏற்று ஒரு வழக்கை முடித்து வைத்தது உண்மைதான். ஆனால் அது அரசமைப்பு அந்த நீதிமன்றத்துக்குக் கொடுத்த தனி அதிகாரம். காவல் நிலைய மேசைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வழக்கு வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தக் குடும்பம்தான். நாம் மாலையில் ஆரணிக்குத் திரும்பிவிடுவோம், அவர்கள் அந்த ஊரில்தான் விடிய வேண்டும். அதனால் அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்களுக்கு என்ன வேணும்மா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எழுதச் சொல்லு தம்பி."

திரும்ப உள்ளே போனோம். சட்டப் பிரிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ராத்திரி ஒன்பது மணிக்கு எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்தது.

கடைசி பஸ்ஸில் கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா மகனை எழுப்பிவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். மடித்த நகல் அவர் மடியில் இருந்தது.

ஜெய் பீம்.