பிறனும் அடுத்திருப்பவரும்

பத்துக் கட்டளைகளைச் சிறுவயதில் மனனஞ் செய்தவர்கள் நம்மில் பலர். அவற்றிற் பெரும்பாலானவை 'செய்யாதே' என்பவை. கொல்லாதே, களவெடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே. ஒருவரையும் கொல்லாமல், ஒன்றையும் களவெடாமல், வழியில் அடிபட்டுக் கிடப்பவனை விலகி நடந்து போகலாம். பத்தில் ஒன்றும் மீறப்படாது. நல்ல சமாரியன் உவமையிற் குருவும் லேவியனும் அப்படித்தான் போனார்கள்.

இயேசு கட்டளைகளை இரண்டில் அடக்கினார்: கடவுளிடம் அன்பு, அயலவனிடம் அன்பு. இரண்டுமே உபாகமத்திலும் லேவியராகமத்திலும் ஏற்கெனவே இருந்தவை. அயலவனை நமது பழைய வேதாகமம் 'பிறன்' என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. நமக்குப் பழைய சொல்லே பிடிக்கிறது. அடுத்திருப்பவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர், மிஞ்சினால் நம் ஊரவர் என்று நின்றுவிடலாம். பிறன் என்றால் அப்படித் தப்ப வழியில்லை. லேவியராகமத்தின் அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தள்ளி, அந்நியனுக்கும் அதே அளவு அன்பு கேட்கப்படுகிறது. எகிப்திற் பட்ட பாடுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம்.

2014 மார்ச்சில் சிட்னியில், அப்போதைய குடிவரவு அமைச்சர் ஸ்கொட் மொரிசனின் தொகுதி அலுவலகத்தில் கிறிஸ்தவர் சிலர் அமர்ந்து செபித்தார்கள். தடுப்பு முகாம்களிலுள்ள பிள்ளைகளை எப்போது விடுவீர்கள் என்பது அவர்களது கேள்வி. எழும்ப மறுத்தவர்களைப் பொலிஸார் கைது செய்தனர். கட்டளைக்காகச் சட்டத்தை மீறியவர்கள் அவர்கள். அமைச்சரும் ஆலயம் செல்பவர்தான்.

அவ்வாண்டு யூனிற் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் நம்மவர் 157 பேர். ஏறக்குறைய ஒரு மாதம் நடுக்கடலில், சுங்கக் கப்பலொன்றில் அடைத்து வைக்கப்பட்டுப் பின்னர் நவுறுவுக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 சனவரியில், இந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அவர்களைக் கடலில் வைத்திருந்தது சட்டப்படி சரியே என்றது. யாரும் எதையும் மீறவில்லை, அந்தக் குருவையும் லேவியனையும் போல.

அரசை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த மனம் வரவில்லை. "நாங்கள் முறையா விசா எடுத்து வந்தனாங்கள், இவை வரிசையிலை நில்லாமல் வந்தவை" என்று மெல்பேர்ண் விருந்துகளிலும் ஆலய வாசல்களிலும் நம்மவரே சொல்லக் கேட்டிருக்கிறோம். வன்னியில் எந்தத் தூதரகத்தின் வாசலில் அந்த வரிசை நின்றது என்று கேட்டால், பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறிவிடும்.