வெப்பம் எங்கே போயிற்று?

காயல்பட்டினத்துக் கடற்காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காருக்குள் வெப்பமூட்டும் கருவி என்றால் நகைப்பே மிஞ்சும். ஈரத்துண்டைத் தோளிலிட்டுத் திரியும் ஊரில் அதற்கென்ன வேலை? நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2018 டிசம்பரில், இலங்கையின் நுவரெலியா மலைப்பாதையில், நம் உம்மா குளிரால் நடுங்கும் வரையில்.

நம்மூருக்கும் கொழும்புக்கும் உள்ள வணிக உறவு தலைமுறைகள் கடந்தது. நம் லாத்தாவின் மாப்பிள்ளையும் அங்கே தொழில் செய்பவர். தம் வாப்பா விட்டுச்சென்ற 1959ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் காரை மச்சான் கண்ணெனக் காத்து வருகிறார். அக்காரை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ், உதுமானியப் பேரரசின் ஸ்மிர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில், 1906இல் பிறந்தவர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவாகி, பத்து இலட்சத்திற்கும் மேல் விற்ற கார் அது. இந்த வண்டியை முதலில் வாங்கியவர் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர். மலைவாசி ஆதலால் ஹீட்டரும் பொருத்தியிருந்தார்.

றம்பொடையைத் தாண்டியதும் மூடுபனி சூழ்ந்தது. முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பாதை மறைந்தது. ஹீட்டரை முடுக்கினால் காற்று வந்தது, வெப்பம் வரவில்லை. “இது காத்தடிக்கிற பொட்டிதானே, சூடு எங்கே வாப்பா?” என்றார் உம்மா. ஓட்டுநர் நானா ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்தவாறே வளைவுகளைக் கடந்தார். அறுபதைக் கடந்த அவர், எட்டாண்டுகளாக மச்சானிடம் பணி செய்பவர்.

விடுதியை அடைந்ததும் மச்சான் சீறினார். “நானா எதையோ கழற்றிக் கெடுத்திருக்கிறார். கொழும்புக்குப் போனதும் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன்” என்றார். நானா தலைகுனிந்து நின்றார். நாமோ ஆராயாமல், “கவனக் குறைவாகத்தான் இருக்கும்” என்று ஒத்தூதினோம். அச்சொல் அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளாக உசூலுல் ஃபிக்ஹு என்னும் சட்ட நெறிக் கலையை மாணவர்க்கு ஓதிக் கொடுக்கிறோம். ஒரு சட்டத்தின் காரணத்தைக் காண அதிலே ஒரு முறை உண்டு: அஸ்ஸப்ரு வத்தக்ஸீம். இருக்கக்கூடிய காரணங்களை எல்லாம் வகுத்து வைத்து, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றைக் கழிப்பது. காரணத்துக்கு அரபியில் ‘இல்லத்’ என்பர்; நோய்க்கும் அதே சொல்தான். மாணவர்க்குச் சொன்ன முறையை ஒரு மனிதரின் பிழைப்பு ஊசலாடும்போது நாம் மறந்தோமே என்று வெட்கினோம்.

சுபுஹு தொழுகைக்குப் பின் நானாவை அழைத்து, “இக்கருவி எப்படி வேலை செய்கிறது?” என்று கேட்டோம். “இன்ஜினில் சூடான தண்ணீர் இந்தச் சின்னக் குழாய் வழியாக ஹீட்டருக்குள் போகும், ஹஸ்ரத். உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர். அதன்மேல் மின்விசிறி காற்றை ஊதும். தண்ணீர் மற்றக் குழாயால் திரும்பிவிடும்” என்றார்.

காரணங்கள் ஐந்தாக வகுபட்டன. விசிறி ஓடாதிருக்கலாம், ஆனால் காற்று வந்ததே. தண்ணீர் குறைந்திருக்கலாம்; இன்ஜின் ஆறியிருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம், நிறைந்திருந்தது. (சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும், எவரும் முயல வேண்டா.) இன்ஜினின் பின்புறத்துள்ள சிறு குழாய்த்திருகு மூடியிருக்கலாம்; திறந்தே இருந்தது. உள்ளே அடைப்போ காற்றுக்குமிழோ தடுத்திருக்கலாம். அவ்வாறாயின் ஒரு குழாய் சுட்டு, மற்றது குளிர்ந்திருக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுத் தொட்டோம். இரண்டும் ஒரே அளவில் வெதுவெதுத்தன. ஆகவே தண்ணீர் தடையின்றி ஓடுகிறது. ஆனால் அது போதிய அளவு சூடேறவில்லை. எஞ்சியது இந்த ஐந்தாவது ஒன்றே.

அப்போது நானா மெல்லச் சொன்னார்: “இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தெர்மோஸ்டாட் என்றொரு வால்வு தடுக்க வேணும். சூடேறிய பிறகுதான் அது திறக்கும். இங்கே மேல் குழாய், முடுக்கியதிலிருந்தே கொஞ்சங் கொஞ்சமாகச் சூடாகிறது. அந்த வால்வு உள்ளே இல்லைபோலும்.”

பின்னால் நின்ற மச்சானின் முகம் மாறியது. “ஒரு கோடையில் கொழும்பில் வண்டி கொதித்து நின்றது. ‘கழற்றிவிடவா?’ என்று கராஜ்காரர் கேட்டார். கழற்றச் சொன்னவன் நான்தான்” என்றார். நானா வேலைக்கு வருமுன் நிகழ்ந்தது அது.

மச்சான் நானாவின் கையைப் பற்றி மன்னிப்புக் கோரினார். நாமும் கோரினோம். “விடுங்க முதலாளி” என்ற நானா, ஓர் அட்டையைத் தேடி எடுத்து ரேடியேட்டருக்கு முன்னே பாதி மறைத்துச் செருகினார். குளிர்காற்றுத் தடைபட்டதால் தண்ணீர் சூடேறியது. திரும்பும் பயணத்தில் உம்மாவின் கால்களுக்கு இதமான காற்று வீசியது. கம்பளை நெருங்குமுன் அட்டையை மறவாது உருவி எடுத்தார். தாழ்நிலத்தில் அதை விட்டுவைத்தால் இன்ஜின் கொதித்துவிடும்.

கொழும்பில் தெர்மோஸ்டாட் அறையைத் திறந்தபோது அது வெறுமையாகவே இருந்தது. புதியதை வாங்கி வந்ததும் லாத்தாவின் அடுக்களையில் சோதித்தோம். நூலில் கட்டி வெந்நீர்ச் சட்டியில் தொங்கவிட, கொதிநிலைக்குச் சற்று முன்னே அது அமைதியாகத் திறந்தது, ஆறியதும் மூடியது. உம்மாவும் எட்டிப் பார்த்து வியந்தார்.

‘ஸப்ர்’ என்று தமிழில் எழுதினால் இரண்டு அரபுச் சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஸீன் எழுத்தில் தொடங்கினால் ஆழம் பார்த்துச் சோதித்தல். ஸாத் எழுத்தில் தொடங்கினால் பொறுமை. இப்போதெல்லாம் அப்பாடத்தை நடத்துகையில் இரண்டையும் பலகையில் எழுதி, மோரிஸ் காரின் கதையைச் சொல்கிறோம். நாம் ஒத்தூதிய அந்த ஒரு வாக்கியத்தையும் மறைக்காமல் சொல்கிறோம்.