காயம் ஆற்றுபவருக்கும் ஒரு பங்கு





பிள்ளைகளின் கணினி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சு வந்தால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு கேள்விகளே எழுகின்றன. எவ்வளவு நேரம் விளையாடுகிறார்கள்? அதில் ஆபாசமோ சூதோ கலந்திருக்கிறதா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. அவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் கேட்டுப் பார்ப்பது நல்லது: அந்த விளையாட்டு எதைப் பெரிதென்று பிள்ளையின் மனத்தில் பதிய வைக்கிறது? எங்கள் வீட்டில் இந்த மூன்றாவது கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடை கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் மகன்கள் இருவரும் விளையாடுவது 'பேட்டில் ஃபார் வெஸ்நோத்' எனும் போர்த்தந்திர விளையாட்டு. 2003-ஆம் ஆண்டில் டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கி, பின்னர் உலகெங்கிலுமுள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. கணினியில் இலவசமாகவே கிடைக்கிறது. காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டிகளைத் திறக்கும் வேலை அதில் இல்லை. சதுரங்கத்தைப் போல இரு தரப்பினரும் மாறி மாறிக் காய் நகர்த்துவது என்பதால், பாங்கொலி கேட்டவுடன் அப்படியே நிறுத்திவிட்டு எழ முடிகிறது. விரைவு விளையாட்டுகளில் "இதோ, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்" என்று தொழுகை நேரம் கரைவதைக் கண்ட பெற்றோருக்கு இதன் அருமை புரியும்.

களம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். தலைவர் தம் கோட்டையில் நின்று பொற்காசு கொடுத்து வீரர்களைச் சேர்க்கிறார். காசு குறைவு, ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதே முதற் சோதனை. சேர்த்தவர்களுக்குச் சுற்றுக்குச் சுற்று படியளக்கவும் வேண்டும். முதல் நிலை வீரருக்கு ஒரு காசு, இரண்டாம் நிலை வீரருக்கு இரண்டு காசு. கைவசமுள்ள கிராமங்கள் அச்செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். ஒரு போரில் உயிர் பிழைத்தவரை அடுத்த போருக்கு மீண்டும் அழைக்க வழக்கமாக 20 காசு. இறந்தவர் இறந்தவரே.

புதிதாக விளையாட வருகிற பிள்ளை முதலில் என்ன செய்யும்? வாளேந்தியவர்களையே வரிசையாகச் சேர்க்கும். எங்கள் இளையவனின் படை அவ்வாறே இருந்தது. பார்ப்பதற்குக் கம்பீரமான படைதான். ஆனால் இரண்டு மோதல்களுக்குப் பின் பாதிப்பேர் காயத்தோடு கிராமங்களைத் தேடிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அங்கே தங்கினால் சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். அவர்கள் போய்த் திரும்புவதற்குள் முன்னணி கலைந்துவிடும். எதிரி எலும்புக்கூட்டுப் படையாக இருந்தாலோ நிலைமை இன்னும் மோசம். எலும்புகளின் மீது வாளும் அம்பும் அவ்வளவாக வேலை செய்வதில்லை. தண்டாயுதமும் நெருப்பும் நன்றாகச் செய்யும். ஒரே வகை வீரர்களால் நிரம்பிய படை, தனக்கேற்ற எதிரி வரும்வரைதான் வலிமையானது.

மூத்தவனின் படையில் ஷாமன் என்றொரு பாத்திரம் எப்போதும் இருக்கும். எல்ஃப் இனத்துப் பெண். அவளுடைய தாக்குதல் மிகவும் பலவீனமானது. ஆனால் அருகில் நிற்கும் தோழர்களுக்குச் சுற்றுக்கு 4 உயிர்ப்புள்ளிகளை மீட்டுத் தருவாள். அவளுடைய அடி பட்ட எதிரி சற்று நேரத்திற்குத் தளர்ந்துபோவான். அவனது தாக்குதலின் வலு பாதியாகிவிடும். இருவர் முன்னே நிற்க, அவள் பின்னே நிற்க, அந்த மூவர் ஒரு கணவாயையே காத்துவிடுவார்கள்.

நாங்கள் வியந்த இடம் இனிமேல்தான் வருகிறது. இவ்விளையாட்டில் வீரர்கள் அனுபவப் புள்ளிகள் சேர்த்து அடுத்த நிலைக்கு உயர்கிறார்கள். எதிரியோடு மோதினால் அந்த எதிரியின் நிலைக்கேற்ப ஒன்றோ இரண்டோ புள்ளிகள் கிடைக்கும். எதிரியை வீழ்த்தினால், அவன் முதல் நிலையினனானால் 8, இரண்டாம் நிலையினனானால் 16. அதாவது, கடைசி அடியை அடித்தவருக்கே பெரும் பங்கு. அதற்கு முன் நான்கு பேர் அடி வாங்கி அவனைத் தளர்த்தியிருந்தாலும் அவர்களுக்குக் கிடைப்பது சொற்பமே.

காயம் ஆற்றியவருக்கு? எதுவும் இல்லை. பத்துச் சுற்றுகள் நின்று பத்துப் பேரின் காயத்தை ஆற்றினாலும் அனுபவப் புள்ளி ஒன்றுகூடச் சேராது. அவளால்தான் அனைவரும் உயிரோடு இருக்கிறார்கள்; ஆனால் கணக்கேட்டில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடம். அப்படியே விட்டுவிட்டால் படையிலுள்ள எல்லோரும் உயர்ந்த பின்னும் அவள் மட்டும் முதல் நிலையிலேயே நிற்பாள்.

அவள் விரைவாக உயர்வதற்கு ஒரு வழி உண்டு. வலியவர்கள் எதிரியைத் தளர்த்திவிட்டு, தங்களால் முடிக்க முடிந்த வேலையை முடிக்காமல் ஒதுங்கி, கடைசி அடியை அவளுக்கு விட்டுத்தர வேண்டும். அவளுடைய அடி தவறவும் கூடும். தவறினால் எதிரி பிழைத்து அடுத்த சுற்றில் திருப்பித் தாக்குவான். எனவே அது இழப்பை ஏற்றுக்கொண்டு செய்யும் விட்டுக்கொடுத்தல். பொறுமையாக ஆடுபவர்கள் மட்டுமே அதைச் செய்கிறார்கள்.

புள்ளிகள் நிறைந்ததும் அடுத்த தேர்வு வருகிறது. ஷாமனுக்கு இரண்டு வழிகள் திறக்கும். ஸார்சரஸ் ஆனால் தாக்குதல் பலமடங்கு கூடும். காயம் ஆற்றும் திறன் போய்விடும். ட்ரூயிட் ஆனால் 4 என்பது 8 ஆகும், நஞ்சையும் முறிப்பாள். வாள் வீரருக்கும் இதே போன்ற கிளைவழி உண்டு. 'ஹீரோ' ஆனால் தனியாக நின்று வெட்டுவார். 'கேப்டன்' ஆனால் அவரது வெட்டு அத்தனை வலிமையாக இராது. ஆனால் அவருக்கு அருகில் நிற்கும் கீழ்நிலை வீரர்களின் தாக்குதல், ஒரு நிலை வேறுபாட்டிற்கு 25 விழுக்காடு கூடும். தேர்ந்தெடுத்த பின் திரும்ப வழியில்லை.

தனியொருவரின் பலத்தைப் பார்ப்பவர் ஹீரோவையும் ஸார்சரஸையும் தேர்வார். அருகில் நிற்பவர் எத்தனை பேர், அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்ப்பவர் சில வேளைகளில் கேப்டனையும் ட்ரூயிடையும் தேர்வார். "எது வலியது?" என்று கேட்பது எளிது. "இந்தப் படைக்கு எது தேவை, இவருக்கு எது பொருந்தும்?" என்று கேட்பதற்கே நிதானம் வேண்டும்.

நம் மார்க்கத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆனால் அவற்றை உரக்கச் சொல்லும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களுக்குக் கொடுத்தார்கள். காரணம், பிலாலின் குரல் வளம். கனவு கண்டவரின் சிறப்பு அதனால் குறையவில்லை. நம்பிக்கையாளர்கள் அனைவரும் ஒருசேரப் போருக்குப் புறப்பட்டுவிடலாகாது, ஒரு சாரார் மார்க்க அறிவைத் தேட வேண்டும் என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் 122-ஆம் வசனம் உணர்த்துகிறது. சமூகம் என்பது ஒரே வகை மனிதர்களின் வரிசையன்று.

எல்லாவற்றிலும் எங்களை நெகிழ வைப்பது பத்ருப் போரின் ஒரு செய்தி. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு. முன்னூற்றுச் சொச்சம் பேர் புறப்படுகிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகையா (ரலி) நோய்வாய்ப்பட்டுக் கிடக்கிறார்கள். மனைவியின் அருகிலிருந்து பணிவிடை செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் உஸ்மானைப் பணித்தார்கள். பத்ரின் வெற்றிச் செய்தி மதீனாவை எட்டிய வேளையை ஒட்டியே ருகையா (ரலி) மறைந்தார்கள். களத்தில் ஒருமுறைகூட வாள் வீசாத உஸ்மான் (ரலி) அவர்களுக்கு, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் போர்ச்செல்வத்தில் பங்கும் உண்டு என்று நபியவர்கள் அறிவித்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது.

வெஸ்நோத் விளையாட்டின் கணக்கேடு வெற்றிடமாக விட்ட இடத்தை நபியவர்களின் கணக்கு நிரப்பியிருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருந்தவரும் களத்தில் நின்றவரே.

இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் வாப்பும்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார்கள். இரவில் திரும்பிப் படுக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, தொழுகை நேரத்தில் தயம்முமுக்கான மண்ணை எடுத்துத் தருவது என எல்லோரும் பங்கிட்டுச் செய்கிறோம். அதில் மகளின் பங்கு எப்போதும் சற்றுக் கூடுதல். வாப்பும்மாவே அவளைத்தான் கூப்பிடுவார்கள்; அவள் கை பட்டால் வலி தெரியவில்லை என்பார்கள். அவள் பன்னிரண்டாம் வகுப்பிற்குச் செல்லும் ஆண்டு வந்தது. பள்ளி தொடங்குவதற்கு முன், இஷாவுக்குப் பின் எல்லோரும் அமர்ந்து மஷூரா செய்தோம்.

மூத்தவன்தான் முதலில் பேசினான். "வாப்பா, ராத்தா ஷாமன் மாதிரி. எல்லாரையும் பார்த்துக்கிட்டா அவளுக்குப் புள்ளி ஏறாது. நாமதான் ஒதுங்கி வழிவிடணும்" என்றான். இளையவன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. வாப்பும்மாவின் பக்கம் பார்த்துவிட்டு, "எனக்கு அது சுமையில்லையே" என்றாள். அவள் சொன்னது உண்மை. பணிவிடை அவளுக்குச் சுமையாக இல்லாததாலேயே, அவளுக்குரிய நேரத்தை மற்றவர்கள் காத்துத்தர வேண்டியிருந்தது.

முறைகளை மாற்றி எழுதினோம். இரவுப் பணி மகன்களுக்கும் எங்களுக்கும். மகளுக்கு அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வாரத்தில் வாப்பும்மா இரவில் அவளையே கூப்பிட்டார்கள். மூத்தவன் எழுந்து போய், "நான்தான் வாப்பும்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வான். அவன் கை சற்று முரட்டுக் கை. இப்போது பழகிவிட்டது, வாப்பும்மாவுக்கும், அவனுக்கும்.

அடுத்து அவள் என்ன படிப்பது என்ற பேச்சும் உறவினரிடையே எழுந்திருக்கிறது. பணிவிடைக் குணம் உள்ளவள், செவிலியர் படிப்பில் சேருங்கள் என்கிறார்கள் சிலர். அவளோ கணக்கு ஆசிரியையாக விரும்புகிறாள். காயம் ஆற்றத் தெரிந்தவள் என்பதற்காக ட்ரூயிட் வழியை அவள்மீது திணிப்பதும், ஸார்சரஸ் வழியைத் திணிப்பதைப் போன்றதே. விளையாட்டில் காய்களைத் தேர்பவர் ஆட்டக்காரர். அந்தக் காய்க்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. பிள்ளைகளுக்கு உண்டு. ஆலோசனை சொல்வதும் இஸ்திகாராத் தொழுமாறு நினைவூட்டுவதும் நம் கடமை. தேர்வு அவளுடையது.

இவ்விளையாட்டில் பெற்றோர் கவனிக்க வேண்டியவையும் உள்ளன. மந்திரவாதிகளும், இறந்தோரை எழுப்பும் சூனியக்காரர்களும் இதில் பாத்திரங்கள். சிஹ்ர் என்பது நம் மார்க்கத்தில் பெரும்பாவம். இதைக் காரணமாகக் கொண்டு இத்தகைய விளையாட்டையே தவிர்க்கும் குடும்பங்களின் பேணுதலை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் வீட்டில், இது கட்டுக்கதை என்பதையும் உண்மையான சூனியத்தின் கேட்டையும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசிய பின்னரே அனுமதித்தோம். சிறு வயதினர் தனியாக விளையாடுவதை அனுமதிப்பதில்லை.

இன்னொன்று, மலிவான வீரரைப் பலியிட்டு விலை உயர்ந்தவரைக் காப்பது. விளையாட்டில் அது செல்லுபடியாகும் தந்திரம். ஆனால் "இவர் போனால் போகட்டும், விலை குறைவு" என்ற சொல் வாயில் பழகிவிட்டால் அது வேலையாட்களிடமும் ஏழை உறவினரிடமும் வெளிப்படும். அதனால் அந்தச் சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் தடுத்து வைத்திருக்கிறோம். சேமித்த ஆட்டத்தை மீண்டும் திறந்து இறந்தவரை மீட்கும் வசதியையும் பிள்ளைகள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வீரரையும் இருமுறை யோசித்தே நகர்த்துகிறார்கள்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அனைவரும் உண்ட பின் உண்பவர். பிறர் நோயில் விழித்திருப்பவர். எந்தச் சான்றிதழிலும் தம் உழைப்பு ஏறாதவர். அவர் உம்மாவாக இருக்கலாம், மூத்த மகளாக இருக்கலாம், திருமணம் தள்ளிப்போன ஒரு சகோதரராகவும் இருக்கலாம். அவரைப் புகழ்வதோடு நிறுத்திவிடாமல், அவர் ஓத, படிக்க, ஓய்வெடுக்க, முன்னேற என்ன வேண்டுமோ அதற்கு நாம் ஒதுங்கி வழிவிடுகிறோமா என்று ஒருநாள் குடும்பமாக அமர்ந்து மஷூரா செய்யுங்கள். அல்லாஹ்விடம் அவருடைய கூலி குறையப் போவதில்லை. நம்மிடம் அவருக்குரிய பங்கு குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பிறருடைய காயங்களை ஆற்றுவோரின் வாழ்வில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக. நோயுற்றோருக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.