வீட்டிற்கோர் அச்சுக்கூடம்

அச்சுக்கூடம் ஊருக்கு ஒன்று இருந்தாலே பெருமை என்றிருந்த காலம் ஒன்று உண்டு. இன்றோ அச்சிடவும், படியெடுக்கவும், காகிதத்தில் உள்ளதை உள்ளவாறே பதிவு செய்து கடல்கடந்து அனுப்பவும் வல்ல ஒரே பெட்டி, அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடுகிறது. கம்பியின் துணையின்றி வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தோடும் அது உறவாடுகிறது. கடைக்காரர்கள் ‘ஆல் இன் ஒன் பிரிண்டர்’ என்று அழைக்கும் இப்பொருளை வாங்க எண்ணிய எங்கள் குடும்பம், ஏறத்தாழ ஒரு திங்கள் அதைப் பற்றி ஆராய்ந்தது. அதில் விளங்கியவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறேன்.

நாங்கள் கடலூர்ச் செம்மண்டலத்தில் வாழ்பவர்கள். வடக்கே பெண்ணையாறு, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் பெருமழையையும், 2024 டிசம்பரில் பெண்ணையாறு கரைபுரண்டதையும் கண்ட ஊர் இது. அத்தகைய நாள்களுக்குப் பின் மொட்டைமாடிகளில் உலர்ந்தவை பாயும் தலையணையும் மட்டுமல்ல. பட்டாவும் பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் உலர்ந்தன. ஆகவே காகிதத்தைக் காப்பது இங்கு வாழ்வோர்க்குப் பொழுதுபோக்கன்று.

மற்றொரு காரணமும் உண்டு. ஆதார் அட்டையின் படி ஒன்று தேவையென்றால், கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அதை அனுப்பிவைக்கிறோம். படி நம் கைக்கு வந்துவிடுகிறது. மூலமோ கடையின் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகிறது. கல்லூரியில் பயிலும் எங்கள் மகளின் படமும் பிறந்த நாளும் முகவரியும் அவ்வாறு கிடப்பதை என் இல்லாள் விரும்பவில்லை. “கடைக்காரர் நல்லவர்தாங்க. ஆனா அவருக்குப் பின்னால அந்தக் கணிப்பொறியில யார் உட்காருறாங்கன்னு நமக்குத் தெரியுமா?” என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

எதை வாங்குவது என்னும் வினாவுக்கு முன், எவ்வளவு அச்சிடுவோம் என்னும் வினா நிற்கிறது. ஒரு திங்கள் முழுதும் குறிப்பேட்டில் எழுதிவந்தோம். மகளின் பாடக் குறிப்புகள், விண்ணப்பங்கள், ரசீதுகள் என எல்லாம் சேர்ந்து 60 பக்கங்கள் வந்தன, ஆண்டுக்கு 720. வருடி எடுக்கவேண்டிய பழங்காகிதங்களோ அதைவிட மிகுதி.

இந்தக் கணக்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் பக்கத்து வரலாறே சான்று. சிதம்பரத்திற்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடிக்கு 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு வந்து சேர்ந்தன. அவ்வெழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. காகிதத்தை வாரி விழுங்கின. அச்சுப்பொறி கையிலிருந்தும் காகிதம் கட்டுப்படியாகாத நிலையில், சீகன்பால்கு குழுவினர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். பொறியின் விலை ஒருமுறை கொடுப்பது. பொறி தின்னும் தீனியின் விலை வாழ்நாள் முழுதும் கொடுப்பது. முந்நூறு ஆண்டுகள் கடந்தும் இவ்வுண்மை மாறவில்லை.

இன்றைய பொறிகள் மூவகைப்படும். முதல்வகை, சிறு கார்ட்ரிட்ஜில் மை அடைத்தவை. வாங்கும் விலை குறைவு. ஆயின் சிறிய கருப்புக் கார்ட்ரிட்ஜ் ஒன்று 100 முதல் 200 பக்கங்களோடு ஓய்ந்துவிடும். எங்கள் வீட்டிற்கு ஆண்டுக்கு நான்கைந்தேனும் வேண்டியிருக்கும். இரண்டாம் வகை, புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் தொட்டி உடையவை. 2010இல் எப்சன் நிறுவனம் இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த முறை இது. விலை கூடுதல், எனினும் ஒரு கருப்புப் புட்டி ஏறத்தாழ 4500 பக்கங்கள் வரும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருபதில் ஒரு பங்களவே மை படியும் சாதாரண எழுத்துப் பக்கத்தை வைத்துச் சொல்லும் கணக்கு அது, புகைப்படங்களுக்குப் பொருந்தாது. பாதியளவே வந்தாலும் எங்களுக்கு மூன்றாண்டுகள் போதும்.

மூன்றாம் வகை லேசர். அதன் டோனர் பொடியாதலால் உலர்ந்து போவதில்லை. எழுத்து தண்ணீருக்கு அஞ்சாது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பல திங்கள் தங்கி, பூட்டிய வீட்டிற்குத் திரும்பி வருவோர்க்கு அதுவே ஏற்றது. மைப்பொறியை வாரம் ஒருமுறையேனும் இயக்காவிடில் அதன் நுண்துளைகள் அடைபடும். துளைகளைத் துப்புரவு செய்யவே மை வீணாகும். ஆயின் லேசர், பொடியை உருக்கித் தாளில் ஒட்டவைக்கச் சூடேறும் கணங்களில் பல நூறு வாட் மின்சாரத்தை இழுக்கிறது. மைப்பொறிக்கோ ஒரு சிறு விளக்குக்குத் தேவையான அளவே போதும். நெய்வேலி அருகிலிருந்தும் புயல் நாள்களில் இன்வெர்ட்டரை நம்பி வாழும் எங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மையிலும் இருவகை உண்டு. சாய மை நீரில் கரைந்து பரவும். நிறமித் துகள் கலந்த மை பெரிதும் தாக்குப்பிடிக்கும். தொட்டிப்பொறிகள் சிலவற்றில் கருப்பு மட்டும் நிறமி மையாக அமைந்திருக்கிறது. விளம்பரத்தை நம்புவதை விடுத்து, கடையில் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, ஒரு நாள் உலரவிட்டு, ஈரவிரலால் தேய்த்துப் பார்த்தோம். வெள்ளம் புகும் ஊரில் இத்தேர்வு ஒன்றே போதுமானது.

எனினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது அச்சிடும் பகுதியன்று. மேல்மூடியின் கீழுள்ள கண்ணாடியே. என் பாட்டனார் அரபுத் தமிழில் எழுதிய கடிதங்கள் எங்களிடம் உள்ளன. தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகள் இட்டு எழுதும் முறை அது. ஒரு புள்ளி மறைந்தால் எழுத்தே மாறிவிடும். கைப்பேசியால் எடுத்த படத்தில் மடிப்பின் நிழலும் புள்ளியும் ஒன்றாய்த் தெரிந்தன. கண்ணாடியில் சமமாக வைத்து அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் அளவில் வருடியபோது, பேனா தயங்கிய இடங்கூடப் புலப்பட்டது. தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் அமைப்பு அலுவலகத்திற்கு நன்று. நைந்த கடிதத்தை அதில் இடுவது, இடர் தேடிக்கொள்வதாகும்.

இனி, வலைத்தொடர்பு. இத்தகைய பொறிகளுள் பல, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். அதன் வீச்சு மிகுதியாதலால் தடித்த சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். ரௌட்டர் அவ்வப்போது பொறிக்குப் புது முகவரி வழங்கினால், கணிப்பொறி பழைய முகவரியில் தேடி ஏமாறும். நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை இல்லை. பொறியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் வேண்டும். கடையை விட்டு மீட்ட காகிதத்தை வலைவழியே திறந்துவிடுவதில் என்ன பயன்?

நிறமிக் கருப்பு மையும், தட்டையான கண்ணாடியும், வைஃபையும் கொண்ட தொட்டிப்பொறி ஒன்றைத் தேர்ந்தோம். அதன் மைப்புட்டி கடலூர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. என் இல்லாள் கைப்பேசியிலிருந்தே வருடிப் பதிவு செய்கிறார். ஒரு படி வீட்டிலும், ஒரு படி வெளிநாட்டில் பணிபுரியும் மகனிடமும் சேர்ந்துவிடுகிறது.

படி, மூலத்திற்கு ஈடாகாது. ஆயின் மூலம் அழிந்தால், மறுபடி கேட்கத் தேவையான ஆவண எண்ணும் ஆண்டும் அதில் இருக்கும். பெட்டி வாங்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணற்க. ஐப்பசி மழை இறங்குமுன், இரும்புப் பெட்டியில் உறங்கும் காகிதங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் மேல் வைத்து எடுத்துவிடுங்கள். மை எவ்வகையாயினும் அதற்குப் பின்னர் வாங்கலாம். மழை நமக்காகக் காத்திராது.