தெய்வம் இடம் மாறிய தென்மலை

மலை என்றால் அதன் உச்சியில் ஒரு சந்நிதி இருக்கும் என்று எதிர்பார்ப்பது தமிழ்க் குடும்பங்களின் இயல்பு. ஏறும்போது முழங்கால் வலித்தாலும், மேலே ஒரு தீபாராதனை காத்திருக்கிறது என்ற நினைவே அவர்களை நடத்திச் செல்லும். தென் கொரியாவின் தலைநகரான சியோலின் நடுவே நிற்கும் நம்சான் குன்றையும் அவர்கள் அதே எதிர்பார்ப்புடன்தான் அண்ணாந்து பார்க்கின்றனர். அங்கே தெரிவதோ ஆலய கோபுரம் அன்று; நகரைச் சுற்றிப் பார்ப்பதற்கான காட்சிக் கோபுரம். ஆயினும் அதே உச்சியில் ஒரு காலத்தில் ஒரு தெய்வம் குடியிருந்தது. அத்தெய்வம் எங்கே சென்றது என்பதை அறிந்து ஏறுபவருக்கு அக்குன்று வேறு விதமாகக் காட்சி தருகிறது.

சென்னையைச் சுற்றிக் கொரிய நிறுவனங்கள் தொழிற்சாலைகள் அமைத்த பின்னர், பணிக்காகவும் ஆய்வுப் படிப்புக்காகவும் அந்நாட்டுக்குச் செல்லும் தமிழ் இளைஞர்கள் உண்டு. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் தவறாமல் அழைத்துச் செல்லப்படும் இடங்களுள் நம்சான் ஒன்று. ரோப் காரில் ஏறி, மின்தூக்கியில் உயர்ந்து, கண்ணாடி வழியே நகரைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுபவர்களே மிகுதி. அதிலும் குறையொன்றும் இல்லை. ஆனால் குன்றின் கதை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை.

நான்கு மலைகளின் நடுவே ஒரு நகரம்

‘நம்’ என்றால் கொரிய மொழியில் தெற்கு. ‘சான்’ என்றால் மலை. தென்மலை என்பதே இதன் பொருள். 300 மீட்டர் உயரத்தைக்கூட எட்டாத சிறு குன்றுதான். இதன் பழம்பெயர் மொங்மியோக்.

1392ஆம் ஆண்டில் ஜோசன் அரசை நிறுவிய மன்னர் தேஜோ, 1394இல் தலைநகரை ஹன்யாங்குக்கு மாற்றினார். அதுவே இன்றைய சியோல். வடக்கே புகாக்சான், கிழக்கே நக்சான், மேற்கே இன்வாங்சான், தெற்கே நம்சான் என நான்கு மலைகள் காவலாக நிற்கும் இடமாகப் பார்த்து அந்நகரம் அமைக்கப்பட்டது. 1396ஆம் ஆண்டில் இந்நான்கு மலைகளின் முகடுகளையும் இணைத்து ஒரு மதில் எழுப்பப்பட்டது. அதன் நீளம் சுமார் 18.6 கிலோமீட்டர்.

அம்மதிலின் கட்டுமான முறை வியப்புக்குரியது. முழு மதிலையும் 97 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு வட்டாரத்து மக்களிடம் ஒப்படைத்தனர். எந்த ஊரார் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்பது கல்லிலேயே பொறிக்கப்பட்டது. பின்னாளில் ஒரு பகுதி சரிந்தால், கட்டியவர்களே வந்து சீர்செய்ய வேண்டும். கையொப்பம் இட்டவரே பொறுப்பு என்ற இந்த ஒழுங்கினால்தான், 600 ஆண்டுகளுக்குப் பின்னும் நம்சான் சரிவில் அக்கற்களைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அடியில் சிறிய, ஒழுங்கற்ற கற்களும், பிற்காலத்தில் பழுது பார்த்த இடங்களில் சதுரமாகச் செதுக்கிய பெரிய கற்களும் இருப்பதால், காலத்தின் வரிசையையும் மதிலிலேயே படித்துவிடலாம்.

ஜோசன் காலத்து மக்களுக்கு இம்மதிலை ஒரே நாளில் சுற்றி வரும் வழக்கம் இருந்தது. விடியலில் புறப்பட்டு, நான்கு மலைகளையும் ஏறி இறங்கி, மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினர். அரசுத் தேர்வு எழுதத் தலைநகருக்கு வந்த மாணவர்கள், தேர்ச்சி வேண்டி இவ்வாறு சுற்றினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. கிரிவலம் வந்து பழகியவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலைக்கு ஒரு பட்டம்

1395ஆம் ஆண்டில் தேஜோ மன்னர் நம்சானின் தெய்வத்துக்கு ‘மொங்மியோக் தேவாங்’ என்ற பட்டத்தை வழங்கினார். ‘தேவாங்’ என்ற கொரியச் சொல்லுக்குப் ‘பேரரசர்’ என்று பொருள். நாட்டை ஆள்பவர், தம் அரண்மனைக்கு எதிரே நிற்கும் குன்றைப் பேரரசர் என்று விளித்து வணங்கினார். அத்தெய்வத்துக்கு உச்சியில் ஒரு சிறு ஆலயம் இருந்தது. பின்னாளில் அது குக்சாதாங் என்று அழைக்கப்பட்டது.

அப்பட்டத்துடன் ஒரு தடையும் வந்தது. இங்கே அரசு மட்டுமே வழிபாடு நடத்தலாம். அதிகாரிகளோ பொதுமக்களோ தாமாகப் படையல் இடக் கூடாது என்பது மன்னரின் ஆணை. நாட்டைக் காக்கும் தெய்வம் அரசருக்கே உரியது என்று அன்று கருதினார்கள் போலும். இத்தடையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் முடிவில் இது மீண்டும் வரும்.

ஒற்றைத் தீயின் செய்தி

உச்சியை அடைந்ததும் கண்ணில் படுவன, கல்லும் செங்கல்லும் கொண்டு அமைந்த ஐந்து புகைக்கூண்டுகள். பொங்சுதே எனப்படும் இவை, தொலைபேசியும் தந்தியும் இல்லாத நாட்களில் நாடு முழுவதிலிருந்தும் செய்தி வந்து சேர்ந்த இடம். எல்லையிலும் கடற்கரையிலும் ஏற்றப்படும் தீ, மலைக்கு மலை தாவி, ஐந்து திசை வழிகளில் இறுதியாக நம்சானை அடையும். பகலில் புகை, இரவில் நெருப்பு.

ஐந்து கூண்டுகளில் ஒன்று மட்டும் எரிந்தால் நாடு அமைதியாக இருக்கிறது என்று பொருள். பகைவர் தென்பட்டால் இரண்டு, எல்லையை நெருங்கினால் மூன்று, எல்லையைக் கடந்தால் நான்கு, போர் மூண்டால் ஐந்து. சுமார் 500 ஆண்டுகள், 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இம்முறை நடைமுறையில் இருந்தது. இன்று அங்கே இருப்பவை மீண்டும் கட்டப்பட்டவை.

ஆபத்து நேர்ந்தபோது மட்டும் தீ ஏற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். போதாது என்பதே அன்றையோர் கண்ட முடிவு. தீ இல்லாத இரவு அமைதியைக் குறிக்கிறதா, காவலர் உறங்கிவிட்டதைக் குறிக்கிறதா என்று தெரியாது. ஆகவே நலமாக இருக்கிறோம் என்பதையும் நாள்தோறும் ஏற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் குறை நேரும் நாளில் மட்டும் அன்றி, எல்லா மாலைகளிலும் விளக்கேற்றும் குடும்பத்தாருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இடம் பெயர்ந்த சந்நிதி

1910ஆம் ஆண்டில் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆட்சியாளர்கள் நம்சானின் சரிவைத் தேர்ந்தெடுத்து, மதிலின் ஒரு பகுதியை இடித்துவிட்டு, 384 கற்படிகளுடன் ஒரு மாபெரும் சிந்தோ ஆலயத்தை எழுப்பினார்கள். அது 1925இல் நிறைவுற்றது. அதற்கும் மேலே, உச்சியில், கொரியரின் பழைய மலைத்தெய்வம் வீற்றிருந்தது. தங்கள் ஆலயத்தைவிட உயரத்தில் மற்றொரு தெய்வம் இருப்பதை ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. குக்சாதாங்கை அகற்றுமாறு நெருக்கடி கொடுத்தார்கள்.

பக்தர்கள் ஆலயத்தைக் கைவிடவில்லை. தூணும் உத்தரமுமாகப் பிரித்து எடுத்து, நகரின் மேற்கே உள்ள இன்வாங்சான் மலைச்சரிவுக்குச் சுமந்து சென்று, அங்கே மீண்டும் நிறுவினார்கள். நம்சான் உச்சியில் அந்த ஆலயம் இருந்த இடத்தில் இன்று எண்கோண மண்டபம் ஒன்று நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் நிழலில் இளைப்பாறுகின்றனர்.

மக்களைக் கட்டாயப்படுத்தி வணங்க வைத்த அந்தச் சிந்தோ ஆலயமோ 20 ஆண்டுகளே நிலைத்தது. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அது அகற்றப்பட்டது. ஜப்பானிய ஆதிக்கத்தை எதிர்த்து உயிர் நீத்த ஆன் ஜுங்குன் என்ற வீரரின் நினைவகம் இன்று அவ்விடத்தின் அருகே உள்ளது. மண்ணுக்கடியில் மறைந்துபோன பழைய மதிலின் அடித்தளமும் அகழாய்வில் அங்கே வெளிப்பட்டிருக்கிறது. அடக்க வந்த கட்டடம் மறைந்தது. அடியில் கிடந்த கல் மிஞ்சியது.

கோபுரத்தின் மேலிருந்து

இன்றைய கோபுரத்தின் கட்டுமானம் 1969ஆம் ஆண்டில் தொடங்கியது. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்காக எழுந்த இது, 1980 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கோபுரத்தின் உயரம் 236.7 மீட்டர், குன்றின் உயரமும் சேர்ந்து கடல் மட்டத்திலிருந்து சுமார் 480 மீட்டரில் அதன் நுனி முடிகிறது.

காட்சிக் கூடத்தின் கண்ணாடிகளில் உலக நகரங்களின் பெயர்களும், அங்கிருந்து அவற்றுக்குள்ள தொலைவும் எழுதப்பட்டுள்ளன. தெற்கே ஹான் நதி அகன்று கிடக்கிறது. தென்கிழக்கில் 123 மாடிகளும் 555 மீட்டர் உயரமும் கொண்ட லோட்டே கோபுரம் ஊசிபோல் நிற்கிறது. வடக்கே, தேஜோ மன்னர் காலத்தில் எழுந்த கியோங்போக்குங் அரண்மனையின் கூரைகளும், அவற்றின் பின்னே புகாக்சானும் தெரிகின்றன.

கீழேயுள்ள தளத்தில், கம்பிவேலிகளை முற்றிலும் மறைத்தபடி பல வண்ணப் பூட்டுகள் தொங்குகின்றன. இணைபிரியாமல் இருக்க வேண்டும் என்று காதலரும் தம்பதியரும் பெயர் எழுதிப் பூட்டிச் செல்பவை அவை. குடும்பமாக வந்து எல்லோர் பெயரையும் எழுதிப் பூட்டுபவர்களும் உண்டு. குழந்தை வேண்டித் தலமரத்தில் தொட்டில் கட்டும் தாய்மார் இதைக் கண்டு நகைக்க மாட்டார்கள். வேண்டுதல் இருக்கும் இடத்தில் மனிதர் எதையேனும் கட்டிவிட்டு வருவது எங்கும் உள்ளதே.

அந்தி சாய்ந்ததும் கோபுரம் ஒளி பெறுகிறது. அவ்வொளியின் நிறத்துக்கும் பொருள் உண்டு. நகரின் காற்று தூய்மையாக இருந்தால் நீலம். மிக மோசமாக மாசடைந்திருந்தால் சிவப்பு. இடைநிலைகளுக்குப் பச்சையும் மஞ்சளும். ஒற்றைத் தீயால் நலம் சொன்ன அதே குன்று, இன்று நீல ஒளியால் நலம் சொல்கிறது. கருவி மாறியிருக்கிறது, கடமை மாறவில்லை.

மலைக்கு வழிவிட்ட மாளிகைகள்

நகரத்தார் இக்குன்றின்மீது கொண்டுள்ள மதிப்புக்குச் சான்று ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் நம்சான் சரிவில், அயல்நாட்டவர் குடியிருப்பதற்காக 16, 17 மாடிகள் கொண்ட இரு அடுக்ககங்கள் கட்டப்பட்டன. அவை மலையின் தோற்றத்தை மறைத்தன. மலையின் பழைய வடிவத்தை மீட்க வேண்டும் என்று நகர நிர்வாகம் முடிவு செய்து, 1994 நவம்பரில் அவ்விரு கட்டடங்களையும் வெடிவைத்துத் தகர்த்தது. உறுதியாக நின்ற கட்டடங்களை ஒரு குன்று கண்ணுக்குத் தெரிவதற்காக இடித்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று. குன்றுகளைக் கல்லாகவும் மனையாகவும் மட்டுமே கணக்கிடப் பழகிவிட்ட காலத்தில், அதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். கொரியாவின் தேசிய கீதமே நம்சானின் பைன் மரத்தைப் போற்றுகிறது.

மேற்கே ஒரு வெண்பாறை

கோபுரத்தின் மேலிருந்து வடமேற்கே நோக்கினால், வெண்மையான கருங்கல் முகட்டுடன் ஒரு மலை தெரியும். அதுதான் இன்வாங்சான். நம்சானின் தெய்வம் குடியேறிய மலை. பார்வைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் காட்சிக் கூடத்தில் நிற்பவர்களில் அதைத் தேடிப் பார்ப்பவர் சிலரே.

நேரம் உள்ளவர்கள் மறுநாள் அங்கே சென்று வரலாம். மெட்ரோ மூன்றாம் தடத்தில் தொங்னிம்முன் நிலையத்தில் இறங்கி, செங்குத்தான தெருவில் ஏறினால் குக்சாதாங் வரும். சிறிய மரக்கட்டடம். உள்ளே மலைத்தெய்வம், தேஜோ மன்னர், அவருக்கு ஆலோசகராக இருந்த முஹாக் என்ற துறவி முதலியோரின் வண்ணப்படங்கள் உள்ளன. சடங்கு நடக்கும் நாட்களில், அரிசிப் பணியாரமும் பழங்களும் படைக்கப்பட, பூசாரிப் பெண்கள் மேளத்துக்கு ஏற்ப ஆடி, வந்தவர்களின் குறையைத் தெய்வத்திடம் முறையிடுகின்றனர். சற்று மேலே, போர்வை போர்த்திய துறவியைப் போன்ற தோற்றத்தில் ஒரு பெரும் பாறை நிற்கிறது. பிள்ளைவரம் வேண்டிப் பெண்கள் நெடுங்காலமாக அதை வணங்கி வருகின்றனர்.

மன்னர் விதித்த தடை இங்கேதான் நினைவுக்கு வருகிறது. பட்டமும் அரச வழிபாடும் பெற்று உச்சியில் இருந்தபோது, அத்தெய்வத்துக்குப் பொதுமக்கள் படையல் இட ஆணை இல்லை. உச்சியை இழந்து ஒரு சரிவில் வந்து அமர்ந்திருக்கும் இன்று, மகனுக்கு வேலை வேண்டும் என்றும், நோய் தீர வேண்டும் என்றும் எவரும் வந்து கேட்கலாம். உயரத்தைப் பறித்தவர்கள் அதன் பெருமையைக் குறைத்துவிட்டதாக எண்ணியிருப்பார்கள். அதுவோ அடியவர்களுக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது.

செல்வோர் கவனத்துக்கு

மியோங்தோங் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து சென்று ரோப் காரில் ஏறலாம். 1962 முதல் அது இயங்கி வருகிறது. சொந்தக் கார்கள் உச்சி வரை செல்ல அனுமதி இல்லை. நகரப் பேருந்துகள் செல்கின்றன. ரோப் காருக்கும் காட்சிக் கூடத்துக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். உச்சித் தளம், புகைக்கூண்டுகள், எண்கோண மண்டபம் ஆகியவற்றைக் காணக் கட்டணம் இல்லை. குளிர்காலத்தில் கடுங்குளிர் இருக்கும். வசந்தத்தில் புழுதி மூட்டம் பார்வையை மறைப்பதுண்டு. அக்டோபர் மாதம் வானம் தெளிந்து, இலைகள் சிவக்கத் தொடங்கும் நல்ல பருவம். கால் வலு உள்ளவர்கள் ஏறுவதற்கு ரோப் காரையும், இறங்குவதற்கு மதிலோரப் படிகளையும் தேர்ந்துகொண்டால், ஊர் பெயர் பொறித்த கற்களையும் கண்டு வரலாம்.

மேலே நிற்கும்போது எண்கோண மண்டபத்தின் முன் ஒரு நிமிடம் நிற்பதற்கும், வடமேற்கே திரும்பி அந்த வெண்பாறை மலையை நோக்கிக் கைகூப்புவதற்கும் சீட்டு எதுவும் தேவையில்லை.